குளிர் உள்ளே வருவதில்லை: பைக் ஓட்டுகிறவர்களுக்குக் குளிர்காலம் பற்றிய எளிய விளக்கம்

தமிழ்ப் பஞ்சாங்கத்தை நம்பித் தென்னாப்பிரிக்காவில் பைக் ஓட்ட முடியாது. மார்கழியில் இங்கே வேர்த்துக் கொட்டும். அம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் ஆடி மாதத்தில்தான் பல் தந்தியடிக்கும். அதிலும் டர்பன்காரர்கள் பாடு தனி. ஜூலை விடியற்காலையில்கூடக் கடற்கரையில் 11, 12 டிகிரிக்குக் கீழே அதிகம் போவதில்லை. 'இது ஒரு குளிரா?' என்று டர்பன் புறநகர் சாட்ஸ்வர்த்திலிருந்து மெல்லிய ஜாக்கெட்டோடு கிளம்புகிறவர், ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வழியில் மலைமேல் உள்ள ஃபான் ரீனன் கணவாயில் க்ளட்ச் பிடிக்க விரல் மடங்காமல் நிற்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு வழக்கமாக மூன்று அறிவுரை கிடைக்கும். தடிமனான ஜாக்கெட் போடு, கைப்பிடிக்கு ஹீட்டர் மாட்டு, கிளம்பும் முன் கொஞ்சம் பிராந்தி ஊற்றிக்கொள். முதலாவது பாதி சரி, இரண்டாவது கால்வாசி சரி, மூன்றாவது முழுத்தவறு. ஏன் என்று புரிய, உடம்புச் சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும்.

அடுப்பு நீங்கள்தான்

'குளிர் உள்ளே புகுந்துவிட்டது' என்கிறோம். பேச்சுக்குச் சரி. நடப்பது வேறு. குளிர் என்று ஒரு பொருள் இல்லாததால் அது எங்கும் புக முடியாது. உங்கள் சூடுதான் வெளியே போகிறது.

சுடச்சுட இட்லியை ஹாட்பாக்ஸில் வைத்தால் இரண்டு மணி நேரம் கழித்தும் சூடாக இருக்கும். அதே ஹாட்பாக்ஸில் ஆறிப்போன இட்லியை வைத்தால் ஆறின இட்லிதான் கிடைக்கும். ஜாக்கெட்டும் ஒரு ஹாட்பாக்ஸ். அது சூடு தராது, இருப்பதைக் காக்கும். சூடு தரும் அடுப்பு நீங்கள்தான்.

அந்த அடுப்பின் அளவு தெரிந்தால் கொஞ்சம் கவலையாகவே இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பு உண்டாக்குவது ஏறக்குறைய 100 வாட், ஒரு பழைய குண்டு பல்ப் அளவு. நடக்கிறவர், சைக்கிள் மிதிக்கிறவர் இதைப்போலப் பல மடங்கு உண்டாக்குவார்கள். பைக் ஓட்டுகிறவர் உட்கார்ந்தேதான் இருக்கிறார். மலையேறப் போகும்போது போதுமாக இருந்த ஜாக்கெட் பைக்கில் போதாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். எஞ்சின் சூடு முழங்காலுக்குக் கொஞ்சம் கிடைக்கும், மற்றதெல்லாம் பின்னால் வருகிற லாரிக்கு.

காற்று என்ன செய்கிறது

காபி சூடாக இருந்தால் ஊதுகிறோம். வாயிலிருந்து வரும் காற்று அறைக் காற்றைவிட வெதுவெதுப்பானது, ஆனாலும் காபி ஆறுகிறது. காபியின் மேல் ஒட்டியிருக்கும் சூடான காற்றுப் படலத்தை ஊதல் தள்ளிவிடுவதால் புதுக் காற்று வந்து மறுபடி சூட்டை வாங்கிக்கொள்கிறது. நம் தோலின் மேலும் அப்படி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதுதான் இயற்கை கொடுத்த முதல் போர்வை. பைக் நகர்ந்ததும் அந்தப் போர்வை உருவப்படுகிறது.

இதனால் வெற்றுத் தோலுக்கு எவ்வளவு கூடுதலாகக் குளிர்கிறது என்பதை டிகிரியில் சொல்லும் கணக்குக்குக் காற்றுக்குளிர் என்று பெயர். வானிலை அறிக்கையில் 'விண்ட் சில்' என்பது இதைத்தான். வட அமெரிக்காவில் 2001 முதல் புழங்கும் சூத்திரப்படி, காற்று 0 டிகிரியில் இருக்கும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்றில் தோலுக்கு மைனஸ் 5 போலத் தோன்றும். 40-இல் மைனஸ் 7, 60-இல் மைனஸ் 9, 100-இல் மைனஸ் 11. வேகத்தை 120 ஆக்கினாலும் மைனஸ் 11-ஐ ஒட்டியே நிற்கும். நடக்கிறவரின் முகத்தை வைத்துச் செய்த சூத்திரம் இது, பைக் வேகத்துக்குத் தோராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது காட்டும் போக்கைப் பாருங்கள். பெரிய அடி முதல் 40 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. ஊருக்குள் மெதுவாகத்தானே போகிறேன் என்று கழுத்தைத் திறந்துவிட்டுப் போகிறவருக்கும் பெரும்பங்கு நட்டம் உண்டு.

ஆடைக்குள் நுழையும் காற்றின் கணக்கு வேறு. காற்று ஒரு பரப்பின்மேல் கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60-இல் இருக்கும் அழுத்தம் 120-இல் நான்கு மடங்கு. 60-இல் அமைதியாக இருந்த ஜிப், தையல், மணிக்கட்டு இடைவெளி எல்லாம் 120-இல் ஊதுகுழல் ஆகிவிடும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஒரு ஜிப் எம்மாத்திரம்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காற்றுக்குளிர் சூடான தோலுக்கு மட்டும்தான். 5 டிகிரிக் காற்றில் எவ்வளவு வேகமாகப் போனாலும் பையில் உள்ள பாட்டில் தண்ணீர் 5 டிகிரிக்குக் கீழே இறங்காது, உறையவும் உறையாது. காற்று ஓர் உலர்ந்த பொருளைச் சீக்கிரம் ஆறவைக்குமே ஒழியத் தன்னைவிடக் குளிர்ச்சியாக்காது.

இதுவரை பார்த்தது: அடுப்பு 100 வாட்தான். காற்று அதன் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. ஆகவே முதல் வேலை காற்றை நிறுத்துவது. தடிமன் அதற்கு அடுத்துத்தான்.

ஓடாத காற்றுதான் கம்பளி

கம்பளி, ஃப்ளீஸ், இறகு ஜாக்கெட் எல்லாவற்றிலும் சூட்டைத் தடுப்பது நூலோ இறகோ அல்ல, அவற்றின் இடுக்கில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்றுக்குச் சூட்டைக் கடத்தும் திறன் மிகக் குறைவு. சூடு காக்கும் இந்தத் தன்மையைக் காப்பு என்போம். காற்று உள்ளே ஓடினால் காப்பு போயிற்று. ஸ்வெட்டர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதன்மேல் காற்றுப்புகாத ஓர் உறை இல்லையென்றால் பைக்கில் அது மீன்வலைக்குச் சமம்.

அதனால்தான் மூன்று அடுக்கு. தோலை ஒட்டி மெல்லிய பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி பனியன். அதன்மேல் ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப்புகாத ஜாக்கெட். தோல் ஜாக்கெட் காற்றை நன்றாகத் தடுக்கும், ஓட்டை அதன் ஜிப்பிலும் தையலிலும். பின்னால் காப்புப் பட்டை இல்லாத ஜிப்பானால் மார்பின் நடுவே ஒரு கோடு போட்டாற்போலக் குளிரும். கையில் காசு குறைவு என்றால் மழைக்கோட்டை எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ளுங்கள். மழை இல்லாத நாளிலும் அது காற்றை நிறுத்தும், விலையைப் பார்த்தால் இதற்கு ஈடான பொருள் இல்லை. வழியில் மாட்டிக்கொண்டால் பெட்ரோல் பங்கில் ஒரு நாளிதழ் வாங்கி, ஏழெட்டுத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்கும் ஃப்ளீஸுக்கும் நடுவே மார்போடு வைத்து ஜிப்பை ஏற்றுங்கள். பழைய வித்தை, இன்றும் வேலை செய்கிறது.

அடுக்கு கூடக்கூடச் சூடும் கூடும் என்று நினைத்து ஐந்து சட்டை திணிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இறுகினால் இடுக்குக் காற்று நசுங்கிப்போகும், ரத்த ஓட்டமும் குறையும். காலில் இது இன்னும் மோசம். பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்துக் கால் இறுகினால், ஒரே சாக்ஸோடு இருப்பதைவிட விரல் சீக்கிரம் மரத்துப்போகும். பூட்ஸுக்குள் கால்விரலை ஆட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் ஒரு சாக்ஸைக் கழற்றுங்கள்.

ஜாக்கெட்டைக் கடையில் நின்றபடி போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. பைக்கில் உட்காருகிற மாதிரி கையை நீட்டிக் குனிந்து பாருங்கள். முதுகு தூக்கிக்கொண்டு இடுப்பு தெரியும், மணிக்கட்டு வெளியே வரும். சூடு கசியும் வாசல்கள் அவைதான். மூன்றாவது வாசல் கழுத்து. தலைவழியாகப் போடும் துணிக்குழாய் ஒன்று கழுத்தை மூடிவிடும், சால்வையைப்போல வால் பறக்காது. வறண்ட குளிரில் கையுறையின் நீண்ட வாயை ஜாக்கெட் கைக்கு மேலே இழுத்துவிட்டால் முன்னாலிருந்து வரும் காற்று கைக்குள் ஏறாது.

தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்ற பேச்சை விட்டுவிடலாம். தலை உடம்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், போகும் சூடும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஹெல்மெட் போட்டவருக்குத் தலை ஒரு பிரச்சினையே இல்லை.

ஈரம் என்னும் திருடன்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானை வழியாகக் கசியும் ஈரம் ஆவியாகும்போது பானையிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நனைந்த பருத்திச் சட்டை போட்டவர் ஒரு மண்பானை.

கணக்கு சின்னதுதான். தோலருகே ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் சூடு வேண்டும். சட்டையில் உள்ள 100 கிராம் வேர்வை, அதாவது அரை டம்ளர், ஒரு மணி நேரத்தில் ஆவியானால் நொடிக்கு 67 ஜூல், அதாவது 67 வாட். அதில் பெரும்பகுதி உங்கள் தோலிலிருந்துதான் வரும். மொத்த அடுப்பே 100 வாட் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, தண்ணீர் அசையாத காற்றைப்போல இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். இடுக்குக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் காப்பே இல்லை.

வீட்டு வாசலில் எல்லாவற்றையும் போட்டு ஜிப்பை மேலேற்றிவிட்டு, சாவியைத் தேடி, பெட்டியைக் கட்டி, ஹெல்மெட்டைத் துடைத்து, பத்து நிமிடம் வேர்த்துவிட்டுக் கிளம்புவதுதான் மிகப் பரவலான தவறு. அந்த வேர்வை பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் பழி வாங்கும். பைக்கைத் தயார் செய்த பிறகு, கடைசியாக உடுத்துங்கள். பருத்திப் பனியனையும் ஜீன்ஸையும் வீட்டிலேயே விடுங்கள்.

சில ஜாக்கெட்டுகளில் தண்ணீர் புகாத சவ்வு உள்ளே இருக்கும், வெளித்துணி நனையும். மழையில் உள்ளே நனையமாட்டீர்கள். ஆனால் ஊறிய வெளித்துணியிலிருந்து ஈரம் காற்றில் பறந்துகொண்டே இருப்பதால் குளிரும். 'நனையவில்லை, ஆனாலும் நடுக்குகிறது' என்று குழம்புகிறவர்களுக்கு விடை இது. மேலே ஒரு மழைக்கோட்டுப் போட்டால் தீர்ந்தது. நனைந்த கையுறைக்கும் இதே கதை, அதனால் நீண்ட வழிக்கு இரண்டாவது ஜோடி கையுறை பையில் இருக்கட்டும்.

உடம்பின் லோட் ஷெட்டிங்

இந்த நாட்டில் லோட் ஷெட்டிங் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் போதாதபோது குடியிருப்புகளை முறைபோட்டு அணைப்பார்கள், பெரிய மருத்துவமனைகளை முடிந்தவரை விட்டுவைப்பார்கள். உடம்பும் அதையே செய்கிறது. இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றை 37 டிகிரியில் வைத்திருப்பதுதான் அதற்கு முக்கியம். நடு உடம்பில் சூடு குறைகிறது என்று தெரிந்ததும் கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இதற்குப் பெயர் குழாய்ச்சுருக்கம். விரலில் தசை இல்லாததுபோலத்தான், அது தனக்கென்று சூடு உண்டாக்காது. ரத்தம் கொண்டுவந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவிருந்தால் போதும் என்றால் அது இதுதான்: கை குளிர்வதற்குப் பெரும்பாலும் காரணம் மார்பு குளிர்வது. விலை உயர்ந்த கையுறையை மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள், அந்தக் காசில் பாதியை நல்ல உள்பனியனுக்கும் கழுத்துக் குழாய்க்கும் போட்டால் விரல் தானாக வெதுவெதுக்கும். நடு உடம்பில் சூடு மிஞ்சினால், அதை வெளியே தள்ள உடம்பு விரல் குழாய்களைத் திறந்துவிடும்.

பிராந்தி ஏன் தவறு என்பதும் இங்கே தெரிந்துவிடும். மது, சுருங்கிய தோல் குழாய்களைத் திறந்துவிடுகிறது. சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் இதமாக இருக்கும். அந்தச் சூடு அப்படியே காற்றில் போய்விடும். குடித்துவிட்டு ஓட்டுவது குற்றம் என்பது தனி. சிகரெட் எதிர்த்திசையில் கெடுக்கிறது, நிகோட்டின் விரல் குழாய்களை மேலும் சுருக்கும். நிறுத்துமிடத்தில் கையைச் சூடுபடுத்தப் பற்றவைப்பதில் அர்த்தமில்லை.

இதுவரை: காற்றை நிறுத்து, ஓடாத காற்றைச் சேர், உலர்ந்திரு. இவை மூன்றையும் முதலில் மார்புக்கும் கழுத்துக்கும் செய். விரல் பின்னால் வரும்.

மின்சாரச் சூடு: எவ்வளவு, எங்கே

இவ்வளவுக்குப் பிறகும் 100 வாட் போதாத நாட்கள் வரும். அப்போது வெளியிலிருந்து சூடு சேர்க்கலாம். கைப்பிடி ஹீட்டர் ஜோடி சுமார் 30 முதல் 40 வாட். குறை என்னவென்றால் அது உள்ளங்கையைச் சுடவைக்கிறது, காற்று அடிப்பதோ விரலின் வெளிப்பக்கத்தில். உள்ளங்கை வெந்து விரல்முதுகு மரத்துப்போன நிலை பலருக்கும் தெரிந்ததே. ஹேண்டில்பாரில் கைக்காப்பு மாட்டியோ, கையையே உள்ளே நுழைத்துக்கொள்ளும் உறை போட்டோ காற்றைத் தடுத்தால்தான் அந்த 35 வாட்டுக்கு மதிப்பு. உறை மட்டுமே போட்டு ஹீட்டரே வேண்டாம் என்று ஆனவர்களும் உண்டு. பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

மின்சார வெஸ்ட் (சூடேறும் கையில்லாச் சட்டை) 50 முதல் 90 வாட் வரை எடுக்கும். உங்கள் உடம்பு அடுப்போடு இன்னொரு முக்கால் அடுப்பைச் சேர்த்த மாதிரி. மெல்லிய பனியனுக்கு அடுத்து, உடம்போடு ஒட்டினாற்போல் போட வேண்டும். ஃப்ளீஸுக்கு மேலே போட்டால் காப்பின் தவறான பக்கத்தில் அடுப்பு வைத்ததாகும். நடுங்க ஆரம்பித்தபின் முழுவேகத்தில் போடுவதைவிட, கிளம்பியதிலிருந்தே குறைந்த அளவில் ஓடவிடுவது நல்லது.

வாங்குமுன் பைக்கில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் எவ்வளவு தரும் என்று கையேட்டில் பாருங்கள். பெரிய டூரிங் பைக்குகளில் 400 முதல் 600 வாட் வரை இருக்கும். 125 சிசி வண்டிகளில் மொத்தமே பெரும்பாலும் 200-க்குள், அதில் விளக்கும் இக்னிஷனும் போக மிஞ்சுவது சொற்பம். சின்ன வண்டிக்குத் தனி பேட்டரியில் ஓடும் வெஸ்ட்டே சரி. வண்டியிலிருந்து எடுப்பதாக இருந்தால் கணக்கு இப்படி: 65 வாட்டை 13 வோல்ட்டால் வகுத்தால் 5 ஆம்பியர், அதற்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அதைத் தாண்டி எங்கே கம்பி உரசினாலும் அது காப்பாற்றும். சாவியை அணைத்ததும் அணையும்படி ரிலே என்னும் மின்சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். எல்லாவற்றையும் போட்டு எஞ்சினை ஓடும் வேகத்தில் வைத்து பேட்டரி முனையில் வோல்ட்மீட்டர் பிடியுங்கள். 13-க்குக் கீழே காட்டினால் பேட்டரி வற்றிக்கொண்டிருக்கிறது, ஒன்றை அணையுங்கள்.

வழியும் நேரமும்

ஏறஏறக் காற்று குளிரும், 1,000 மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி. ஃபான் ரீனன் கணவாய் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,680 மீட்டர். டர்பனில் 12 டிகிரி என்றால் கணவாயில் 1 டிகிரி, இது வெறும் உயரக் கணக்கு. மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுவதால் அதைவிடவும் இறங்கும். கனமான குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதால், மூயி ரிவர் போன்ற ஆற்றுப் பள்ளங்களில் பக்கத்து மேட்டைவிட அதிகமாகக் குளிரும். கணவாயைத் தாண்டி வரும் ஹாரிஸ்மித் பக்கம் ஜூலை இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம்.

'வெயிலுக்கு முன்னாடி கிளம்பிடணும்' என்பது நம் ஊர்ப் பழக்கம். இங்கே குளிர்காலத்தில் அது கெடுதல். டர்பனிலிருந்து நாலு மணிக்குக் கிளம்பினால் கணவாய்க்கு ஏழு மணி சுமாருக்கு வருவீர்கள். ஜூலையில் சூரியன் உதிக்கும் நேரம் அது, நாளின் மிகக் குளிர்ந்த வேளையும் அதுவே. நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்பூச்சு இருக்கலாம். ஏழு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குக் கணவாய், இருட்டுமுன் ஜோஹன்னஸ்பர்க்.

இன்னொரு பொறி பெர்க் விண்ட். உள்நாட்டு மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் இந்த உலர்காற்று நடுக்குளிர்காலத்திலும் டர்பனைக் கோடையாக்கிவிடும். பல சமயம் அது குளிர்முகப்பு (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று வருவதற்கு முன்னறிவிப்பு. இதமான நாள் என்று நம்பி ஜாக்கெட்டின் உள்அடுக்கைக் கழற்றிவிட்டுக் கிளம்புகிறவர் திரும்பும்போது மழையிலும் குளிரிலும் மாட்டுவார். வசந்தம் வந்துவிட்டது என்பதையும் நம்பாதீர்கள். 2024-இல் ஃபான் ரீனனில் பனி கொட்டி என்-3 நெடுஞ்சாலை மூடப்பட்டு வண்டிகள் இரவெல்லாம் நின்றது செப்டம்பர் மாதத்தில்.

கிளம்பும் முன் சாப்பிடுங்கள், அடுப்புக்கு விறகு வேண்டும். மணிக்கு ஒரு தடவை நிறுத்தி ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள், அந்த 100 வாட் பல மடங்காகும். மரத்த விரலைச் சைலன்சரிலோ எஞ்சினிலோ வைக்காதீர்கள். உணர்ச்சி இல்லாததால் தோல் வெந்தாலும் தெரியாது. அக்குளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுக்கம் நின்றுவிட்டால்

நடுக்கம் என்பது தசைகள் வேகமாகத் துடித்துச் சூடு உண்டாக்கும் முயற்சி. பைக்கில் அது வந்தால் அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்த வேண்டும், இன்னும் இருபது கிலோமீட்டர்தான் என்று இழுக்கக் கூடாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறீர்கள். மரத்த விரல் பிரேக்கைத் தேடும் அரை நொடியில் ஒரு லாரி நீளம் போய்விடும்.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது உடல்வெப்பக் குறைவு, மருத்துவமனையில் ஹைப்போதெர்மியா என்பார்கள். ஓட்டுகிறவருக்கே அது தெரியாது என்பதுதான் ஆபத்து. கூட வருகிறவர் கவனிக்க வேண்டும். இண்டிகேட்டரை அணைக்க மறப்பது, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவது, டோல்கேட்டில் சில்லறை எடுக்கத் தடுமாறுவது, நாக்குக் குழறுவது. பிறகு நடுக்கம் நின்று 'இப்போ பரவாயில்லைண்ணே' என்பார். விறகு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

அவரைக் காற்றில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டுப் போர்த்துங்கள். மார்பு, கழுத்துப் பக்கம்தான் முதலில் சூடாக வேண்டும். கை காலைத் தேய்க்காதீர்கள். தெளிவாகப் பேசி, விழுங்க முடிகிறதென்றால் சர்க்கரை தாராளமாகப் போட்ட டீ கொடுக்கலாம். குழறினாலோ தூங்கிவழிந்தாலோ செல்பேசியில் 112, அல்லது ஆம்புலன்சுக்கு 10177. அன்றைக்கு அவர் பைக்கைத் தொடக் கூடாது. பைக்கை ஏற்ற ஒரு பக்கி (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வண்டி பங்கிலேயே பூட்டிக் கிடக்கட்டும், மறுநாள் வெயில் ஏறியபின் வந்து எடுத்துக்கொள்ளலாம்.